அலமாரிக்குள் ஒரு டிரம்பெட்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

ஏழு வருடமாகப் பேசாமல் இருந்தவன் திடீரென்று கடிதம் போட்டால், ஒன்று பணம் கேட்பான், இல்லையென்றால் பழி சொல்வான். பயப்படாதே, பணம் வேண்டாம்.

உன் பத்திரிகை இன்று வந்தது. உன் அக்கா வாசலிலேயே உறையைக் கிழித்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். "இந்தாங்க, உங்களப் பத்தி எழுதியிருக்கான்" என்று அவள் கத்தியதில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். நாற்பது வருடமாக நான் டிரம்பெட் ஊதுகிறேன். இருபது வருடமாக நீ 'ஊசி முனை' பகுதியில் ஜாஸ் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுகிறாய். இத்தனை வருடத்தில் உன் பேனா என் பெயர் இருக்கிற பக்கம் திரும்பியதே இல்லை. கேட்டால், சொந்தக்காரனைப் பற்றி எழுதுவதில்லை என்று கொள்கை பேசுவாய். கடைசியாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் வெட்கத்தை விட்டு நானே கேட்டபோது, கொள்கைகூடப் பேசவில்லை. "புதுசா ஏதாவது ஊதுங்க அத்தான், அப்புறம் எழுதுறேன்" என்றாய். அன்றைக்குக் கோபத்தில் எழுந்து போனேன். என் வீட்டிலிருந்து நானே வெளியே போனேன் என்பது படி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

இப்போது எழுதிவிட்டாய். ஒரு பக்கம் மூத்த கலைஞர், அதாவது நான். எதிர்ப் பக்கம் புதுமுகம், மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், முதல் ஆல்பம். என் பக்கத்தை உன் அக்கா சத்தமாகப் படித்தாள். "மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக நடக்கிறது. டிரம்பெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாற்பது ஆண்டு ஊதியவருக்கு மட்டும்தான் இப்படிக் காத்திருக்க வரும்." இந்த இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன்.

என் மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது, மாப்பிள்ளை. பஸ் வருவதற்குள் அடுத்த நிறுத்தம் வரை நடந்துவிடுகிறவன் நான். என்னையா காத்திருந்தான் என்று எழுதினாய்?

நீ மாற்றி எழுதிவிட்டாய். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பது அந்தப் பெண்ணின் ஆல்பத்தை. புதுமுகம் என்று முதுகில் தட்டிக்கொடுத்திருப்பது என்னை.

எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணின் முதல் ஆல்பத்துக்கு வந்த பாராட்டு என் பெயரில் போயிருக்கிறது. அதைச் சரிசெய். போன் பண்ணித் தொலைங்களேன் என்கிறாள் உன் அக்கா. போனில் பேசினால் வார்த்தை தடிக்கும். அதனால் எழுதினேன்.

அத்தான்

*

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

பாராட்டினால்கூடச் சண்டைக்கு வருகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான். இருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டே சண்டையைத் தொடர்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசம் வந்ததுல உருப்படியா ரெண்டு ஆல்பம்தான், ரெண்டும் டிரம்பெட். கொள்கை கிள்கைன்னு சொன்னீங்கன்னா அந்தப் பக்கத்தை சோப்பு விளம்பரத்துக்குக் குடுத்துடுவேன்" என்றார். சோப்புக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அதனால் ஒரு வழி செய்தேன். நீங்கள் எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் தங்கச்சியிடம் சொல்லி இரண்டு இசைத்தட்டுகளையும் அட்டையிலிருந்து எடுத்து வெள்ளை உறைகளில் போடச் சொன்னேன். ஒன்றில் நீல டேப், இன்னொன்றில் மஞ்சள். எது யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். நான் கேட்டு, எழுதி முடித்த பிறகு அவள் பெயரைச் சொல்வாள். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, காது மட்டும்தான் நீதிபதி.

எழுதி முடித்தேன். ஆனால் பெயரைக் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்தாள், மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். அதோடு, கேட்க என்ன இருக்கிறது? பக்கத்து அறையில் நீங்கள் தும்மினால்கூட எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவேன். மஞ்சள் டேப் தட்டில் அந்தக் கனத்த சத்தம், குளிர்காலத்தில் போர்த்திக்கொள்கிற கம்பளி மாதிரி, அது உங்களுடையது இல்லையென்றால் நான் காதை அறுத்து வைத்துவிடுகிறேன். வழக்கமான அவசரம் இல்லாதது மட்டும் ஆச்சரியமாக இருந்தது. ஆள் அடங்கிவிட்டார், வயது வேலை செய்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுத்தான் எழுதினேன்.

நீலத் தட்டில் ஊதுகிற ஆள் நீங்களாக இருக்கவே முடியாது. பாதி சத்தம், பாதி காற்று. உச்சிச் சுரம் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தாறு சுரங்களை வைத்துக்கொண்டு, ஒரு அறைக்குள் இருட்டில் சுவரைத் தடவித் தடவி விளக்கைத் தேடுகிற மாதிரி போகிறது. தேடிக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கேட்டு நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தை முடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு நிறுத்துகிறார். அந்தத் தைரியம் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் உண்டு. நீங்கள் எந்தச் சுரத்தை அப்படி விட்டிருக்கிறீர்கள்? கழுத்தைப் பிடித்து முடித்துவிட்டுத்தானே கீழே வைப்பீர்கள்.

ஆகவே தட்டு செய்த கம்பெனியில் யாரோ மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருக்கிற தட்டை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

என் தங்கச்சியைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உன் காதைத்தவிர வேறு எதையும் கேட்கிற பழக்கம் உனக்கு இல்லை. கம்பெனிக்காரன் மேல் பழி போடாதே. நீலத் தட்டு நான்தான்.

சொல்லக் கூடாது என்றிருந்தேன். உன் அக்காவிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், உன்னிடம் மறைத்ததில் அவள்தான் அதிகம் கஷ்டப்பட்டாள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் எனக்கு ஈறு கெட்டுப்போனது. பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மேல முன்பல் ஆறும் எடுக்கணும்" என்றார். "டாக்டர், நான் டிரம்பெட் ஊதுறவன்" என்றேன். அவர் நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "விரல் நல்லா இருக்கில்ல, பியானோ கத்துக்குங்களேன்" என்றார்.

டிரம்பெட்டை மூச்சால் ஊதுகிறோம் என்று ஊரே நினைக்கிறது. உதட்டால் ஊதுகிறோம், அந்த உதடு பல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது. பல்செட் வைத்துக்கொண்டு முதல் நாள் ஊதினேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. உன் அக்கா சமையலறையிலிருந்து, "கேஸ் லீக் ஆகுதா?" என்று கேட்டாள். என்ன என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேல் வீட்டுக்காரர்களுக்கு நான் யார் என்று தெரியும். அவர்கள் காதில் அந்தச் சத்தம் விழுவது எனக்கு மானக்கேடாக இருந்தது. அதனால் படுக்கையறைத் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவில் டிரம்பெட்டின் வாயைச் செருகிக்கொண்டு ஊதினேன். கம்பளி சத்தத்தை விழுங்கிவிடும். பல மாதம் ஒரே ஒரு சுரம். முகத்துக்கு எதிரே உன் அக்காவின் பழுப்புக் கோட்டு. அதன் மேல் பொத்தான் தளர்ந்து தொங்குவது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கே தெரியாது. தினமும் வந்து, "இன்னிக்குப் பரவால்ல, நேத்தைவிட நல்லா இருக்கு" என்பாள். எல்லாம் பொய். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் கதவில் சாய்ந்து நின்றாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே சத்தம் வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

பழைய பாட்டு எதுவும் வரவில்லை. உச்சிச் சுரங்கள் போனது போனதுதான். கையில் மிஞ்சியது ஐந்தாறு சுரம். அதற்குள் என்ன முடியுமோ அதை வைத்துப் புதிதாகப் பாட்டுக் கட்டினேன். ஆல்பத்துக்கு 'அலமாரிக்குள்' என்று பெயர் வைத்தது அதனால்தான். போன் வேண்டாம் என்றதும் அதனால்தான். பல்செட்டோடு எனக்கு 'ச' சரியாக வருவதில்லை. "சரி" என்று சொன்னாலே கண்டுபிடித்துவிடுவாய். உன் திட்டைத் தாங்குவேன், இரக்கத்தைத் தாங்க மாட்டேன்.

ஒரு பள்ளிக்கூடத்து பேண்ட் மாஸ்டர் என் டிரம்பெட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாத முடிவில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவிடம், "ஆல்பம் வரட்டும். காது உள்ள ஒருத்தனுக்காவது அதுல ஏதாவது கேட்டா ஊதுறேன். இல்லேன்னா போதும்" என்று சொல்லியிருந்தேன். யார் காது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

இப்போது நீ கேட்டுவிட்டாய், ஆனால் வேறு யாரோ என்று நினைத்துக் கேட்டிருக்கிறாய். உன் வழக்கம் எனக்குத் தெரியும். வயதானவர்களுக்கு எழுதினால் கடைசி வரி "நன்றி" என்று இருக்கும். சின்னவர்களுக்கு எழுதினால் "அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று முடிப்பாய். சின்னவர்கள் என்றால் உனக்குக் கொஞ்சம் இளகிய மனசு. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதுமுகம்தானே, பாவம், ஊக்கம் கொடுப்போம் என்று எழுதினாயா? இல்லை, நிஜமாகவே கேட்டாயா? அதை மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தான்

*

மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தங்கச்சியிடம் போய் நின்றேன். "நீலம் அண்ணன், மஞ்சள் அந்தப் பொண்ணு. எழுதி முடிச்சிட்டுக் கேப்பீங்கன்னு பாத்தேன், நீங்க கேக்கவே இல்ல" என்றாள். அச்சில் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க எழுதுனதை நான் எப்பப் படிச்சேன்?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இருபது வருடமாக அவள் ஒரு வரி படித்ததில்லை என்பதை ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். பட்ட காலிலே படும் என்பார்கள்.

எனக்கு அழுகை வந்தது, அத்தான். கோட்டுகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நிற்பதை நினைத்து நினைத்து வந்தது. இதை இரக்கம் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள், எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நிஜமாகவே கேட்டேன். சும்மா தட்டிக்கொடுக்கிற விமர்சனங்களை நான் எப்படி எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். பாதி தட்டு ஓடும்போதே எழுத ஆரம்பித்து, அது முடிவதற்குள் முடித்துவிடுவேன். நீலத் தட்டைப் போட்ட அன்று டீ போடக் கெட்டிலை அடுப்பில் வைத்திருந்தேன். தண்ணீர் கொதித்து, வற்றி, அடி கருகி, கைப்பிடி உருகி வழிந்தது. உங்கள் தங்கச்சி வந்து ஜன்னலைத் திறக்கும்வரை எனக்கு வாசனைகூடத் தெரியவில்லை. கெட்டில் இன்னும் பால்கனியில்தான் கிடக்கிறது. என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் அவளைக் கேளுங்கள். அந்தக் கெட்டிலுக்காக இன்றைக்கும் எனக்குத் திட்டு விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த பிறகு நீலத் தட்டை மறுபடி போட்டேன். கேட்கவே முடியவில்லை. ஒவ்வொரு சுரத்திலும் பல்லைத் தேடினேன். எங்கே நழுவுகிறது, எங்கே காற்று போகிறது என்று டாக்டர் மாதிரி கேட்டேன். அது கேட்பதே இல்லை. தெரியாமல் கேட்ட அந்த ஒரு தடவைதான் எனக்குக் கிடைத்தது. அதில் நான் கேட்டது, டிரம்பெட் ஊதுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்த ஒரு ஆளை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நேற்று அந்த மருந்துக்கடைப் பெண் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து, பக்கத்தை விரித்து, "சார், எனக்கு இருபத்தி நாலு வயசு. நாப்பது வருஷம் ஊதணும்னா எங்கம்மாவுக்கு முன்னாடியே நான் பொறந்திருக்கணும்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"அவரோட ரெண்டாவது ஆல்பத்தைக் கேட்டுத்தான் ஊதக் கத்துக்கிட்டேன் சார். அந்தச் சத்தம் வரணும்னு வருஷக்கணக்கா அடிச்சிக்கிட்டேன். நீங்க அது அவரேதான்னு எழுதிட்டீங்க. சந்தோஷப்படறதா, சண்டை போடறதான்னு தெரியல. அதான் லீவு போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

பார்த்தீர்களா அத்தான், என் காது முழுப் பொய் சொல்லவில்லை. உங்கள் சத்தத்தைச் சரியாகத்தான் அடையாளம் கண்டது. அது வேறொருவர் வாய்க்குப் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காத்திருப்பு உங்களிடம் படித்தது இல்லை. அதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "மருந்துக்கடையில அவசரப்பட்டா ஆள் காலி சார்" என்றாள். எவ்வளவு நல்ல வாத்தியக்காரி என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். வேறு ஆளை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லலாம் என்கிறார் ஆசிரியர் அம்மா. நான் மறுபடி எழுதினால் அதில் ஒவ்வொரு வார்த்தையும் இரக்கமாகிவிடும், அதற்கு நான் தயாராக இல்லை. என் யோசனை இது. இரண்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் போடலாம். வேறு எதையும் தொடக் கூடாது. அப்படிப் போட்டால் உங்களை அச்சில் 'புதுமுகம்' என்று சொன்னதாகிவிடும். உங்களோடு நாற்பது வருடம் வாசித்தவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். போன் பண்ணி நக்கலடிப்பார்கள். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேறு ஆளை எழுதச் சொல்கிறேன்.

எது எப்படியானாலும் அந்த டிரம்பெட்டைக் கொடுத்துவிடாதீர்கள். இதை விமர்சகனாகச் சொல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளையாகக் கெஞ்சுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

கெட்டில் விஷயத்தை என் தங்கச்சியிடம் போனில் விசாரித்தாள் உன் அக்கா. உண்மைதானாம். புதுக் கெட்டில் வாங்கித் தராத கதையும் சேர்ந்து வந்தது. வாங்கிக் கொடு.

பெயரை மட்டும் மாற்று. ஒரு கமாகூட நகரக் கூடாது. யார் சிரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். டிரம்ஸ் வாசிக்கிற நம் குண்டன் முதல் ஆளாகப் போன் பண்ணுவான். பண்ணட்டும். அவனுக்குச் சொந்தப் பல் இருக்கிறது, சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்தப் பெண் சம்மதிக்க வேண்டும். இருபத்து நாலு வயதுக்காரியை நாற்பது ஆண்டு ஊதியவர் என்று போட்டால் அவளுக்குக் கேலியாகப் போய்விடலாம். அவள் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்.

பேண்ட் மாஸ்டர் முப்பதாம் தேதி வருகிறார். அவருக்கு என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கெஞ்சுகிற ஆளுக்காக ஊத முடியாது, மாப்பிள்ளை. அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அத்தான்

*

மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

மருந்துக்கடைக்கே போய்க் கேட்டேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற எல்லோரையும் அனுப்பிவிட்டு, யாருக்கோ மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "நாப்பது ஆண்டுன்னே இருக்கட்டும் சார். நான் மெதுவா வந்து எட்டிப் பிடிச்சுக்கிறேன்" என்றாள். பின்னால் நின்றவர் இருமியதால் நகர வேண்டியதாயிற்று.

அச்சாகி வந்திருப்பது இதுதான்:

"சென்ற இதழின் 'ஊசி முனை' பகுதியில் இரண்டு டிரம்பெட் கலைஞர்களின் பெயர்கள் இடம் மாறிவிட்டன. தவறு விமர்சகருடையது. பெயர்களை மட்டும் மாற்றி அதே விமர்சனம் இங்கே மறுபடி வெளியாகிறது. தான் கேட்டதில் மாற்றிக்கொள்ள விமர்சகருக்கு வேறு எதுவும் இல்லை."

"திருத்தத்தப் படிச்சாத்தான் தப்பு மாதிரி இருக்கு" என்றார் ஆசிரியர் அம்மா. "அப்படித்தான் இருக்கணும்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் இனிக் கெஞ்சவில்லை. புது இதழின் முதல் பிரதி இந்தக் கடிதத்தோடு வருகிறது. உங்கள் பக்கத்தை நீங்களே படியுங்கள். அக்காவைப் படிக்கச் சொல்லாதீர்கள். அவள் எல்லாவற்றையும் நல்லதாகவே படிப்பாள்.

கெட்டில் வாங்கியாகிவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உன் அக்காவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நானே படித்தேன்.

என் பெயருக்குக் கீழே 'புதுமுகம்' என்று இருந்ததைப் பார்த்ததும் முதலில் காது சூடாகிவிட்டது. நீ எச்சரித்திருந்தும் சூடாகத்தான் செய்தது. அப்புறம் உள்ளே போனேன். சுவரைத் தடவி விளக்கைத் தேடுகிற இடம் வந்தது. அலமாரிக்குள் நான் செய்தது அதுதான். அதை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கே சொல்லத் தெரிந்ததில்லை.

"புதுசா ஏதாவது ஊதுங்க, எழுதுறேன்" என்று சொன்னவன் நீ. ஏழு வருடம் அந்த வார்த்தையை நெஞ்சில் முள்ளாக வைத்திருந்தேன். நான் ஊதினேன், நீ எழுதினாய். யாருக்காக என்று தெரியாமலே சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டாய். முள் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, இப்போது தேடினால் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தை முடிக்காமல் விட்ட தைரியம் என்று நான்கு வரி எழுதியிருக்கிறாயே, அது தைரியம் இல்லை. பல்செட் நழுவிவிட்டது. ஸ்டுடியோவில் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னொரு தடவை போயிடலாம்" என்றார்கள். பேஸ்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றான். பதிவு செய்கிறவர் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். கேட்டேன். சுரம் போன இடத்தில், அது இருந்த மாதிரியே ஒரு அமைதி நின்றது. நாற்பது வருடமாக எல்லாச் சுரத்தையும் முடித்து முடித்தே, அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. "இருக்கட்டும், இதான் பாட்டு" என்றேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. உன் அக்காகூட, "அடுத்தவங்க சிரிப்பாங்க" என்றாள்.

நழுவியது பல். அதை வைத்துக்கொண்டது நான். அந்த இடத்தில் நின்று கேட்டவன் நீ ஒருத்தன்தான், மாப்பிள்ளை. நான் யார் என்று தெரியாமல் கேட்டாய், அதனால் நம்புகிறேன்.

நான் படித்த மறுநாள் பேண்ட் மாஸ்டர் சொன்னபடி வந்தார். உன் அக்கா பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள், நான் சொன்னால் கொடுத்துவிடலாம் என்று. கைப்பிடியை அவள் விடவே இல்லை என்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பக்கத்து நகரத்தில் பழைய வாத்தியம் விற்கிற கடை ஒன்றின் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பெண்ணுக்கும் எழுதியிருக்கிறேன். என் சத்தத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இப்போது வேறு கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். பதிலுக்குப் பல்செட் ஒட்டுகிற பசையில் எது நல்லது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறாள். அதுவும் மருந்துக்கடைப் புத்தி.

வீட்டுக்கு வா. ஆனால் நான் "சாப்பிடு" என்று சொல்லும்போது சிரிக்கக் கூடாது. இப்படியே கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் தபால்காரர்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுவார் போலிருக்கிறது என்கிறாள் உன் அக்கா.

நாற்பது வருடத்தில் என்னைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடைசியில் நன்றி சொல்லி வாசல்வரை கொண்டுவிட்டார்கள். அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருப்பதாக ஒருவரும் எழுதியதில்லை. நீ எழுதியிருக்கிறாய். பெயரை மாற்றியபோதும் அந்த வரியை எடுக்கவில்லை.

ஸ்டுடியோவில் இன்று காலை கேட்டுவிட்டேன். செப்டம்பரில் இடம் இருக்கிறதாம். காத்திரு.

அத்தான்